தலைவரின் நெற்றியை விட்டுவிட்டுக் கேள்வியைக் கேளுங்கள்: தமிழ்ச் செய்தி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்ச் செய்தித்தாள்கள், தொலைக்காட்சிகள், இணைய ஊடகங்கள் ஆகியவற்றின் ஆசிரியர்களுக்கும், செய்திப் பிரிவில் இரவு பகலாக வேலை பார்க்கும் நண்பர்களுக்கும்

வணக்கம்.

ஒரு தலைவர் கோயிலுக்குப் போகிறார், முருகனின் வேலைக் கையில் பிடிக்கிறார், நோன்புக் கஞ்சி குடிக்கிறார், கண்ணை மூடித் தியானத்தில் உட்காருகிறார். இதையெல்லாம் நீங்கள் செய்தியாக்கும் விதத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். நான் கோயிலுக்குப் போகிறவன். கந்த சஷ்டிக்கு எங்கள் வீட்டில் ஆறு நாளும் விரதம். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிறவர்களுக்கு எங்கள் தெருவில் பந்தல் போட்டு மோரும் பானகமும் கொடுப்போம். தலைவர்கள் சாமி கும்பிடக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. அவரவர் பக்தி அவரவருக்கு. ஆனால் கேமராவோடும் கட்சிக்காரர்களோடும் தேர்தல் நேரத்தில் நடக்கும் ஒரு வழிபாடு அரசியல் நிகழ்ச்சிதான். அதை அரசியல் செய்தியாகவே எழுதுங்கள் என்று கேட்கிறேன். யார் ஏற்பாடு செய்தது, யார் படம் எடுத்தது, யார் செலவு, அன்றைக்கு அவர் பதில் சொல்ல வேண்டியிருந்த விஷயம் எது? வேறு எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் உங்கள் நிருபர் இதையெல்லாம் கேட்பார். கோயில் வாசலுக்கு வந்ததும் மட்டும் ஏன் நிறுத்திவிடுகிறார்?

செங்கோலில் இருந்து தொடங்குகிறேன். அது நம் ஊர்ச் செய்தி. டெல்லிப் பத்திரிகையாளர்களைவிட உங்களுக்குத்தான் அதில் அதிகம் தெரிந்திருக்க முடியும்.

2023 மே 24 அன்று உள்துறை அமைச்சர் அமித் ஷா டெல்லியில் செய்தியாளர்களைச் சந்தித்து, புதிய நாடாளுமன்றக் கட்டடத்தில் செங்கோல் வைக்கப்படும் என்று அறிவித்தார். 1947-இல் ஆட்சி கைமாறியதன் அடையாளமாக அந்தச் செங்கோல்தான் இருந்தது என்பது அரசு சொன்ன கதை. நான்கு நாள் கழித்து, மே 28 காலையில், பிரதமர் மோடி அதன் முன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து வணங்கினார். தமிழ்நாட்டு ஆதீனங்கள் சூழ்ந்து நிற்க, அதை எடுத்துப்போய் மக்களவைத் தலைவர் இருக்கைக்குப் பக்கத்தில் நிறுவினார். தமிழனுக்குப் பெருமை என்று நம் திரைகளில் பகல் முழுக்க ஓடியது. தேவாரமும் நாதசுரமும் நாடாளுமன்றத்தில் கேட்டபோது எனக்கும் உடம்பு சிலிர்த்தது. அதை மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் அந்த நான்கு நாளில் ஒரு செய்தி ஆசிரியர் செய்திருக்கக்கூடிய வேலை நிறைய இருந்தது. கதையில் உறுதியான பகுதி உண்டு. திருவாவடுதுறை ஆதீனம் தங்க முலாம் பூசிய, உச்சியில் நந்தி வைத்த ஒரு செங்கோலைச் சென்னை உம்மிடி பங்காரு செட்டி நகைக்கடையில் செய்வித்தது. ஆதீனத்தின் பிரதிநிதிகள் 1947 ஆகஸ்ட் 14 அன்று டெல்லியில் நேருவின் வீட்டுக்கே போய் அதைக் கொடுத்தார்கள். நாதசுரச் சக்கரவர்த்தி டி.என்.ராஜரத்தினம் பிள்ளை உடன் போயிருந்தார். அதே மாதம் 25-ஆம் தேதியிட்ட அமெரிக்காவின் டைம் இதழ் இந்தக் காட்சியை எழுதியது. பிறகு அந்தக் கோல் நேருவுக்கு வந்த மற்றப் பரிசுகளோடு அலகாபாத் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. இவ்வளவும் சரி.

உறுதியில்லாத பகுதியும் உண்டு. மவுண்ட்பேட்டன் கையில் செங்கோலைக் கொடுத்து, பிறகு அவரிடமிருந்து வாங்கி நேருவிடம் கொடுத்து, அதுவே அதிகார மாற்றத்தின் அதிகாரபூர்வமான சடங்காக நடந்தது என்ற பகுதி அது. இதற்கு அந்தக் காலத்து ஆவணம் ஒன்றும் உறுதியாக முன்வைக்கப்படவில்லை. ஆகஸ்ட் 14 பகலில் மவுண்ட்பேட்டன் கராச்சியில் இருந்தார். பாகிஸ்தானின் அரசியல் நிர்ணய சபையில் பேசிவிட்டு அன்றைக்கே விமானத்தில் டெல்லி திரும்பினார். அந்த ஒரு நாளின் நேரக்கணக்கைப் போட்டுப் பார்த்தாலே கேட்பதற்குக் கேள்விகள் கிடைத்திருக்கும். தினமணியும் தினத்தந்தியும் 1947-இல் வெளிவந்துகொண்டிருந்த நாளேடுகள். அந்த ஆகஸ்ட் மாதத்துப் பக்கங்களை எடுத்து, அன்றைக்கு நம்மவர்கள் இதை எப்படி எழுதினார்கள், எத்தனை வரி எழுதினார்கள் என்று வாசகனுக்குக் காட்டியிருந்தால் அதைவிட நல்ல செய்தி எது?

அண்ணா அதே 1947 ஆகஸ்டில் தன்னுடைய திராவிட நாடு இதழில் இந்தச் செங்கோலைப் பற்றியே ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். மடாதிபதிகள் புதிய ஆட்சியாளருக்குப் பொன்னில் கோல் கொடுப்பது எதற்காக, பதிலுக்கு எதை எதிர்பார்த்து என்று நேருவை நோக்கியே கேட்டிருந்தார். அவர் கேட்டது சரி என்றோ தவறு என்றோ நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். ஒரு சமயச் சின்னம் ஆட்சியாளரின் கைக்கு வந்த அந்த மாதத்திலேயே தமிழில் ஒருவர் உட்கார்ந்து அதன் அரசியலை அலசியிருக்கிறார். 76 வருஷம் கழித்து அதே கோல் மறுபடி கைமாறியபோது நம் திரையில் நடந்தது நேரலை வர்ணனை. மேளம் வாசித்தவர்கள் பெயரும் ஆதீனங்களின் பெயரும் வரிசையாக வந்தன. கேள்வி வரவில்லை. ஆவணங்கள் எங்கே என்று கேட்ட ஒருசில மூத்த பத்திரிகையாளர்களும் வரலாற்று ஆய்வாளர்களும் இரவு விவாதத்தில் ஒரு தரப்பாக உட்காரவைக்கப்பட்டார்கள். ஆவணம் இருக்கிறதா இல்லையா என்பது தேடிப் பார்த்துச் சொல்ல வேண்டிய விஷயம். நான்கு பேரைக் கூட்டிவைத்துச் சத்தம் போடவிட்டு அதை எப்படி முடிவு செய்ய முடியும்?

அன்றைக்கு இன்னும் இரண்டு நடந்தன. குடியரசுத் தலைவரைக் கொண்டு திறக்கவில்லை என்று சொல்லி ஏறத்தாழ 20 எதிர்க்கட்சிகள் விழாவைப் புறக்கணித்தன. பாலியல் புகாருக்கு நடவடிக்கை கேட்டு ஜந்தர் மந்தரில் போராடிவந்த மல்யுத்த வீராங்கனைகள் புதிய நாடாளுமன்றத்தை நோக்கி நடக்கத் தொடங்கியபோது போலீஸ் அவர்களை இழுத்துப் பிடித்து வண்டியில் ஏற்றியது. ஒலிம்பிக் பதக்கம் வாங்கிய சாக்‌ஷி மாலிக் அதில் ஒருவர். செங்கோலும் அந்தச் சாலையும் ஒரே காலைப் பொழுதில், ஒரே நகரத்தில். இரண்டையும் ஒரே செய்திக்குள் வைத்து எழுதியிருக்க வேண்டும்.

அடுத்து கன்னியாகுமரி.

2024 மக்களவைத் தேர்தலின் ஏழாம் கட்டப் பிரசாரம் மே 30 மாலையோடு முடிந்தது. அன்று மாலையே பிரதமர் விவேகானந்தர் பாறைக்கு வந்து தியான மண்டபத்தில் உட்கார்ந்தார். 45 மணிநேரத் தியானம் என்றார்கள். ஜூன் 1 பிற்பகலில் முடித்துக்கொண்டு கிளம்பினார். அன்றைக்குத்தான் அவரே வேட்பாளராக நின்ற வாரணாசியில் வாக்குப்பதிவு. 2019-இலும் கடைசிக் கட்ட வாக்குப்பதிவுக்கு முந்தின நாள் கேதார்நாத் குகையில் உட்கார்ந்த படங்கள் வந்தன. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126-ஆம் பிரிவு, வாக்குப்பதிவு முடிகிற நேரத்துக்கு முந்தைய 48 மணிநேரத்தில் அந்தத் தொகுதிகளில் தேர்தல் விஷயங்களைத் தொலைக்காட்சி வழியாகக் காட்டக் கூடாது என்கிறது. தியானம் தேர்தல் விஷயமா என்ற கேள்வியைக் காங்கிரஸ் தேர்தல் ஆணையத்திடம் கொண்டுபோனது. நியாயமான கேள்வி. அதற்குச் சட்டம் என்ன சொல்கிறது, ஆணையம் முன்பு இதுபோன்ற நேரத்தில் எப்படி நடந்துகொண்டது என்று விளக்கிய செய்தி எத்தனை நிமிஷம் ஓடியது, காவி உடையில் உருத்திராட்ச மாலையை உருட்டும் காட்சி எத்தனை நிமிஷம் ஓடியது என்பது உங்கள் அலுவலகப் பதிவிலேயே இருக்கும். எடுத்துப் பாருங்கள்.

எனக்கு அதில் மனசைக் குடைந்தது வேறு ஒன்று. தியான மண்டபத்துக்குப் போயிருக்கிறவர்களுக்குத் தெரியும், அங்கே இருமினாலே பக்கத்தில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பார். அந்த இடத்தில் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும் ஒருவரை முன்னாலிருந்து, பக்கவாட்டிலிருந்து, தூரத்திலிருந்து என்று பல கோணத்தில் படம் எடுத்திருக்கிறார்கள். எடுத்தவர் யார்? எந்த வழியாக அந்தக் காட்சி உங்கள் செய்தி அறைக்கு வந்தது? நான் பார்த்த எந்தத் திரையிலும் அதைச் சொல்லும் ஒரு வரி இல்லை. ஒரு நிறுவனம் தன் பொருளைப் பற்றிப் படம் எடுத்து அனுப்பினால் அதை விளம்பரம் என்று போடுகிறீர்கள். தலைவரின் தரப்பு தலைவரைப் பற்றி எடுத்து அனுப்பும் படத்தைச் செய்தி என்று போடுகிறீர்கள். ‘இது கட்சி வெளியிட்ட காட்சி’, ‘இது அரசு வெளியிட்ட காட்சி’ என்று ஓரத்தில் சின்னதாகப் போடுவதற்கு எவ்வளவு இடம் பிடிக்கும்?

பிரதமரோடு இது நிற்கவில்லை. மாநிலத்தில் எல்லாக் கட்சிக்கும் இதே வசதி கிடைக்கிறது. 2022 டிசம்பரில் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தமிழகக் கோயில்களில் செல்போனுக்குத் தடை விதித்தது. நல்ல உத்தரவு, நானும் வரவேற்கிறேன். பெரிய கோயில்களில் வாசலிலேயே போனை வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் கொடுக்கிறார்கள். நமக்குப் பிறந்த குழந்தையைச் சந்நிதியில் போட்டு எடுப்பதை ஒரு படம் எடுக்க முடியாது. சரி, விதி விதிதான். ஆனால் தலைவர் வந்தால் மட்டும் கொடிமரத்தில் இருந்து மகாமண்டபம் வரை வீடியோ வருகிறது. அர்ச்சகர் பரிவட்டம் கட்டுவது, தீபாராதனைத் தட்டைத் தொட்டு ஒற்றிக்கொள்வது, எல்லாம் துல்லியமாக வருகிறது. அந்த வீடியோவை ஒளிபரப்பும் நீங்கள், இதை உள்ளே எடுக்க யார் அனுமதி கொடுத்தது என்று கோயில் நிர்வாகத்திடம் ஒரு தடவையாவது கேட்டிருக்கிறீர்களா?

ஒரு முருகன் கோயிலில் நான் நேரில் பார்த்ததைச் சொல்கிறேன். ஊரும் தலைவர் பெயரும் வேண்டாம், எல்லா ஊரிலும் இதுதான் நடக்கிறது. கிருத்திகை நாள். இலவசத் தரிசன வரிசை இரும்புக் கம்பித் தடுப்புக்குள் நாலு சுற்று சுற்றி நின்றது. திடீரென்று முன்னால் ஒரு கயிற்றைக் கட்டிவிட்டார்கள். காரணம் யாரும் சொல்லவில்லை. எனக்கு முன்னால் ஒரு அம்மா, வயது எழுபதுக்கு மேல் இருக்கும், பால்குடத்தைத் தலையில் இருந்து இறக்கி இடுப்பில் வைத்தார். கொஞ்ச நேரத்தில் இடுப்பில் இருந்து இறக்கிக் கம்பிமேல் சாய்த்துப் பிடித்துக்கொண்டார். குடத்தை வாங்கிக்கொள்கிறேன் என்றேன். “நேர்ந்துக்கிட்டது தம்பி, கை மாத்தக் கூடாது” என்றார். பின்னால் ஒரு குழந்தை அழுது அழுது தூங்கியே போய்விட்டது. ஒரு மணிநேரத்துக்கு மேல் அப்படியே நின்றோம். தலைவர் வெளியே போனதும் கயிற்றை அவிழ்த்தார்கள். அந்த அம்மாவின் குடத்தில் பால் பாதிதான் இருந்தது, வெயிலில் திரிந்தும் போயிருந்தது. அன்று இரவுச் செய்தியில் ‘பக்தர்களோடு பக்தராக மனமுருகி வழிபட்டார்’ என்று வாசித்தார்கள்.

உங்கள் நிருபர் அன்றைக்கு அங்கேதான் இருந்தார். அவர் நின்ற இடத்தில் இருந்து பத்தடி திரும்பினால் எங்கள் வரிசை தெரியும். தலைவரின் மனம் உருகியதா என்பது அவருக்குத் தெரிய வழியில்லை. ஒரு மணிநேரம் வரிசை நிறுத்தப்பட்டது அவர் கண்ணால் பார்த்த உண்மை. தெரியாததை எழுதிவிட்டுப் பார்த்ததை விட்டுவிட்டார். இளம் பையன், அவரைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? அப்படித்தான் எழுத வேண்டும் என்று அவருக்குப் பழக்கிவைத்தது மேசைக்குப் பின்னால் இருக்கும் நீங்கள்.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. அதுவும் இதே அளவுக்குக் கெடுதல். தலைவர் பக்தியாக இருந்தால் பரவசம், பக்தியாக இல்லை என்றால் விசாரணை. 2020 அக்டோபர் 30 அன்று பசும்பொன்னில் மு.க.ஸ்டாலினுக்குத் திருநீறு கொடுத்தபோது அவர் அதை என்ன செய்தார் என்பதை மெதுவாக ஓட்டி, நிறுத்தி, வட்டம் போட்டுக் காட்டினார்கள். 2025-இல் திருப்பரங்குன்றத்தில் திருமாவளவன் நெற்றித் திருநீற்றைத் துடைத்தாரா, எப்போது துடைத்தார், ஏன் துடைத்தார் என்று நாள்கணக்கில் விவாதம். அந்த வருஷம் பிப்ரவரியில்தான் அதே மலையை வைத்துப் பெரிய பதற்றம் ஏற்பட்டு, போராட்டமும் 144 தடை உத்தரவும் வந்தன. மலை மேல் சிக்கந்தர் தர்கா, அடிவாரத்தில் முருகன், இரண்டுக்கும் போய்வருகிற குடும்பங்கள், யாருக்கு எந்த இடத்தில் என்ன உரிமை என்று வெள்ளைக்காரன் காலத்தில் இருந்தே நடந்துவரும் வழக்குகள். இவ்வளவும் கண்முன்னால் இருந்தது. அந்த மலைக்கு வந்த ஒரு நாடாளுமன்ற உறுப்பினரிடம் கேட்க ஒன்றா இரண்டா கேள்வி? நெற்றியைப் பற்றிக் கேட்டார்கள். ஒருவர் திருநீறு பூசுவதும் பூசாமல் இருப்பதும் அவர் விருப்பம். அவர் சட்டமன்றத்தில் எப்படி வாக்களிக்கிறார், நாடாளுமன்றத்தில் என்ன பேசுகிறார் என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

ரம்ஜான் மாதம் வந்தால் தொப்பிப் படம். எந்தக் கட்சித் தலைவர் நோன்பு திறக்க எங்கே போனார், தொப்பி வைத்தாரா என்று ஒரே வரிசையில் படங்கள் வரும். 2025 மார்ச்சில் ராயப்பேட்டையில் விஜய் நடத்திய இப்தார் நிகழ்ச்சி அன்றைக்கும் திரை முழுக்க வெள்ளை உடையும் தொப்பியும்தான். வக்பு சட்டத் திருத்தம் நாடாளுமன்றத்தில் நிறைவேறப் போகிற நேரம் அது. இஸ்லாமிய வாசகனுக்கு எது முக்கியம் என்று நினைக்கிறீர்கள்?

முருகன் விஷயத்துக்கு வருகிறேன், அது என் மனசுக்கு ரொம்ப நெருக்கமானது. 2020 நவம்பரில் பாஜக வேல் யாத்திரை அறிவித்தது. திருத்தணியில் தொடங்கித் திருச்செந்தூரில் முடிப்பதாகத் திட்டம். கொரோனா காலம் என்று அதிமுக அரசு அனுமதி மறுத்தது. பாஜகவின் அப்போதைய மாநிலத் தலைவர் எல்.முருகன் கைதானார். 2021 ஜனவரியில் திருத்தணிப் பக்கத்தில் நடந்த கூட்டத்தில் ஸ்டாலின் கையில் வெள்ளி வேலைக் கொடுத்தார்கள். அதே மாதம் எடப்பாடி பழனிசாமி அரசு தைப்பூசத்துக்குப் பொது விடுமுறை அறிவித்தது. ஏப்ரல் 6-இல் தேர்தல். மூன்று மாதத்துக்குள் மூன்று தரப்பும் முருகனிடம் வந்துவிட்டன. பிறகு 2024 ஆகஸ்டில் திமுக அரசின் அறநிலையத் துறை பழனியில் அனைத்துலக முத்தமிழ் முருகன் மாநாடு நடத்தியது. 2025 ஜூன் 22 அன்று மதுரையில் இந்து முன்னணி முருக பக்தர்கள் மாநாடு நடத்தியது. ஆந்திரத் துணை முதல்வர் பவன் கல்யாண் மேடையில் இருந்தார். அங்கே பெரியாரையும் அண்ணாவையும் விமர்சித்துப் போடப்பட்ட வீடியோ பெரிய சர்ச்சையானது.

இந்த இரண்டு மாநாட்டையும் நீங்கள் காட்டிய விதத்தில் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. மேலே பறக்கும் ட்ரோன், கீழே ஜனக்கடல், பின்னணியில் பாட்டு, பிறகு ‘கூட்டம் அதிகமா, ஓட்டாக மாறுமா’ என்ற விவாதம். பழனி மாநாட்டுக்கு ஆன செலவு எந்தக் கணக்கில் இருந்து போனது, பக்தர்கள் உண்டியலில் போட்ட காசு அதில் எவ்வளவு, நிறைவேற்றிய தீர்மானங்களில் எத்தனை நடைமுறைக்கு வந்தன என்று பிறகு யாராவது தொடர்ந்து எழுதினீர்களா? மதுரை மாநாட்டுக்கு வேனில் வந்த குடும்பங்கள் சஷ்டி கவசம் படிக்க வந்தார்களா, அரசியல் கேட்க வந்தார்களா என்று அவர்களிடமே உட்கார்ந்து பேசிய செய்தி எங்கே? எங்கள் தெருவில் இருந்தும் சிலர் போனார்கள். கவசம் பாடியதைப் பற்றிச் சந்தோஷமாகப் பேசினார்கள். வீடியோவைப் பற்றிக் கேட்டபோது ஒருவர் முகம் சுளித்தார், இன்னொருவர் சரியாகத்தான் போட்டார்கள் என்றார். பக்தர்கள் எல்லாரும் ஒரே மாதிரி இல்லை. நீங்கள் அவர்களை ஜனக்கடல் என்று மட்டும் காட்டும்போது அந்தக் கடல் முழுக்க மேடையில் நிற்பவருக்குச் சொந்தமாகிவிடுகிறது.

இதெல்லாம் புதிதாக வந்த நோய் இல்லை. 1992 பிப்ரவரி 18, கும்பகோணம் மகாமகம். முதல்வர் ஜெயலலிதாவும் சசிகலாவும் குளத்தில் ஒருவருக்கொருவர் நீர் ஊற்றிக்கொண்ட படம் இன்றைக்கும் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது. அன்று நெரிசலில் ஏறத்தாழ 50 பேர் செத்துப்போனார்கள். அவர்களில் ஒருவரின் பெயராவது, ஊராவது உங்களுக்கு ஞாபகம் வருகிறதா? எனக்கு வரவில்லை. முதல்வர் அந்த நேரத்தில் அந்த இடத்துக்கு வருவது என்று முடிவெடுத்தது யார், இவ்வளவு கூட்டத்துக்குள் தனி இடம் ஒதுக்கினால் என்ன ஆகும் என்று யாராவது யோசித்தார்களா என்று முதல் நாளே கேட்டிருக்க வேண்டியது ஊடகம்தான்.

2016-ஐ நீங்களே நேரில் பார்த்தவர்கள். செப்டம்பர் 22-இல் இருந்து டிசம்பர் 5 வரை, 75 நாள், ஜெயலலிதா அப்பல்லோ மருத்துவமனையில் இருந்தபோது, கிரீம்ஸ் சாலையில் உங்கள் வண்டிகள் நின்றன. மருத்துவமனையில் இருந்து எப்போதாவது ஒரு அறிக்கை வரும். நடுவில் இருந்த நேரத்தை எல்லாம் எதைக் கொண்டு நிரப்பினீர்கள்? பால்குடம், மண்சோறு, காவடி, மிருத்யுஞ்சய ஹோமம். ஒரு மாவட்டம் முடிந்தால் இன்னொரு மாவட்டம். அந்தத் தொண்டர்களில் பலர் உண்மையாகவே அழுதார்கள், அவர்கள் அன்பை நான் மதிக்கிறேன். ஆனால் ஒரு மாநிலத்தின் முதல்வர் சுயநினைவோடு இருக்கிறாரா, கோப்புகளைப் பார்ப்பது யார், இடைத்தேர்தல் வேட்பாளர் படிவத்தில் கையெழுத்துக்குப் பதில் கைரேகை வந்தது எப்படி என்ற கேள்விகளுக்கு மேல் அந்தப் பூஜைக் காட்சிகள் கனமாக விழுந்து மூடிவிட்டன. அதற்கெல்லாம் விடை தேட 2017-இல் ஆறுமுகசாமி ஆணையம் அமைக்க வேண்டி வந்தது. அறிக்கை சட்டமன்றத்துக்கு வர 2022 ஆனது. கேள்வி கேட்டால் அம்மா உடல்நிலையில் அரசியல் செய்வதா என்று சண்டைக்கு வருவார்கள், பூஜையைக் காட்டினால் யாரும் கோபப்பட மாட்டார்கள். உங்களுக்கு இருந்த நெருக்கடி எனக்குப் புரிகிறது. இருந்தும் ஏழரைக் கோடிப் பேர் அந்த 75 நாளும் இருட்டில் இருந்தோம்.

மதச் சின்னம் வரும் செய்தியைப் போடவே வேண்டாம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சில நேரம் அந்தச் சின்னத்தில்தான் அரசியலே இருக்கும். 2019 நவம்பர் 18 அன்று கோட்டாபய ராஜபக்ச இலங்கை ஜனாதிபதியாகப் பதவியேற்ற இடம் கொழும்பு இல்லை, அனுராதபுரத்து ருவன்வெலிசாய தாதுகோபுரம். தமிழ் மன்னன் எல்லாளனை வென்ற சிங்கள மன்னன் துட்டகைமுனு கட்டிய விகாரை அது. தன் வெற்றிக்குச் சிங்களப் பெரும்பான்மையே காரணம் என்பதை அந்த மேடையிலேயே அவர் சொன்னார். அந்த இடத்தின் வரலாறு தெரியாமல் ‘புனிதத் தலத்தில் பதவியேற்றார்’ என்று மட்டும் எழுதினால், வடக்கிலும் கிழக்கிலும் இருந்த தமிழர்கள் அன்றைக்கு ஏன் வாயடைத்துப் போனார்கள் என்று படிப்பவனுக்கு விளங்காது. இலங்கைச் செய்தி என்றால் நாமெல்லாம் உடனே இதைப் பிடித்துக்கொள்கிறோம். சின்னத்துக்குப் பின்னால் இருக்கும் செய்தியைப் படிக்கத் தெரிந்த கண் நமக்கு இருக்கத்தான் செய்கிறது. உள்ளூரில் அதே கண்ணால் பாருங்கள் என்கிறேன்.

உங்கள் சிரமங்களும் தெரியும். கோயில் வீடியோ போட்டால் யூடியூப்பில் பார்வை கூடும், கேள்வி கேட்டால் மிரட்டல் வரும். சில தொலைக்காட்சிகளுக்குக் கட்சியே முதலாளி. விளம்பரம் அரசிடம் இருந்து வருகிறது. இதற்கு நடுவில் வேலை பார்ப்பவர்களிடம் வீரம் காட்டச் சொல்லிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. நான் கேட்பவை எல்லாம் சாதாரணச் செய்தி வேலைகள். அடுத்தவர் எடுத்துக் கொடுத்த காட்சி என்றால் அப்படிக் குறிப்பிடுங்கள். வரலாறு என்று ஒருவர் சொன்னால், போடுவதற்கு முன் தேடிப் பாருங்கள், கிடைக்கவில்லை என்றால் கிடைக்கவில்லை என்று எழுதுங்கள். நெற்றியையும் தொப்பியையும் விவாதத்துக்கு எடுக்காதீர்கள். தலைவர் தரிசனம் முடித்து வெளியே வரும்போது மைக்கை நீட்டி என்ன வேண்டிக்கொண்டீர்கள் என்று கேட்பதை விட்டுவிட்டு, அந்த வாரத்தின் கேள்வியைக் கேளுங்கள். பதில் சொல்லாமல் காரில் ஏறினால் அதையும் போடுங்கள்.

கந்த சஷ்டிக்கு வழக்கம்போல் திருச்செந்தூருக்கு ஆள் அனுப்புவீர்கள். சூரசம்ஹாரத்துக்குக் கடற்கரையில் மேடை போட்டு நேரலை கொடுப்பீர்கள், முக்கியப் பிரமுகர்களும் வருவார்கள். இந்தத் தடவை ஒரு நிருபரை இலவசத் தரிசன வரிசையில் நிறுத்துங்கள். கயிறு எத்தனை மணிக்குக் கட்டப்பட்டது, எத்தனை மணிக்கு அவிழ்க்கப்பட்டது, யாருக்காக என்பதை அவர் குறித்துக்கொண்டு வரட்டும். தலைவரின் தரிசனச் செய்திக்குக் கீழேயே அதையும் அச்சிடுங்கள், அதே நேரலையில் அதையும் வாசியுங்கள்.

அன்புடன்,
உங்கள் வாசகன்